அம்மா பொய் சொன்னாள் என்று சொல்

பிர்பிர்சா ஆஸ்பத்திரி, எத்தியோப்பியா,
11 மே 1979

அன்பு மகள் அல்முட்டுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையுமின்றி இருக்கிறோம். நீயும் அங்கே ஜெர்மனியில் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கிச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஆனால் இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விடுப்பில் ஊருக்குப் போகிற நர்ஸ் ரோஸ்விதா இதைத் தன் கம்பளி நூல் உருண்டைக்குள் சுற்றிக்கொண்டு வருகிறாள். இனி எதையும் தபாலில் அனுப்புவதாக இல்லை.

நம் ஆஸ்பத்திரித் தச்சர் பயிசாவைப் போன மாதம் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். எதனால் என்று கேட்பாய். உன்னால், என்னால், நம் மிஷன் மாதப் பத்திரிகையால். ஆட்சியைப் பிடித்த புரட்சிக்காரர்கள் தேவாலயத்துக்குப் பூட்டுப் போட்ட பிறகு இங்குள்ளவர்கள் எப்படி ஜெபிக்கிறார்கள் என்று ஜனவரியில் உனக்கு ஆசை ஆசையாக எழுதினேன். ஒருவர் வயலில் ஊரே கூடி வேலை செய்து, வயல்காரர் வீட்டில் எல்லோரும் சாப்பிடுகிற தபோ வழக்கம் உனக்குத் தெரியும், சின்ன வயதில் நீயும் மண் கொத்தியிருக்கிறாய். கூட்டு உழைப்பை அரசாங்கமே புகழ்கிறது, அதைத் தடுக்க யாராலும் முடியாது. அதனால் பயிசா தன் சோள வயலில் தபோ வைத்தார், நாற்பது பேர் களை கொத்திக்கொண்டே களையெடுப்புப் பாட்டு மெட்டில் வேதாகமச் சங்கீதங்களைப் பாடினார்கள், சாப்பாட்டு நேரத்தில் அவர் பிரசங்கம் செய்தார். இதைப் பெற்ற மகளுக்கு எழுதினேன். நீ அதை எடுத்துக்கொண்டு போய்ப் பெண்கள் ஐக்கியத்தில் வாசித்தாய். எல்லோரும் கண் கலங்கினார்கள் என்று பெருமையாக எனக்கே பதில் எழுதினாய். பிறகு போதகரின் மனைவி கேட்டாள் என்று கொடுத்தாய், அவள் பத்திரிகைக்குக் கொடுத்தாள், அவர்கள் நீ முன்பு ஒரு கிறிஸ்துமஸுக்கு இங்கே எடுத்த பயிசாவின் படத்தையும் சேர்த்து, கீழே பெயரும் ஊரும் போட்டு, வழக்கம்போல் ஐந்து பிரதிகள் நமக்கே தபாலில் அனுப்பிவைத்தார்கள். இந்த ஊர்த் தபாலாபீசில் கட்டைப் பிரிக்காமல் கொடுப்பார்கள் என்று எந்தப் புத்திசாலி நினைத்தானோ தெரியவில்லை. படத்துக்குக் கீழே இருக்கிற பெயரைப் படிக்க ஜெர்மன் மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை.

பயிசாவின் மனைவி சல்த்தூ தினமும் மூன்று மணி நேரம் நடந்து காவல் கொட்டடிக்கு இஞ்செரா அப்பம் கொண்டுபோகிறாள். காலிப் பாத்திரம் திரும்பி வந்தால் அவர் உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். உட்காரச் சொன்னாள், உப்புப் போட்ட காப்பி கொடுத்தாள், அதற்கப்புறம் கேட்டாள்: “ஏன் டாக்டரம்மா, உங்க ஊர்க்காரங்க ஜெபம் பண்ணணும்னா எங்க பேரு தெரிஞ்சாத்தான் ஆகுமா? ஆண்டவருக்கு எங்க வீடு தெரியாதா?” அவள் கேட்டதை உனக்கும் அப்படியே எழுதுகிறேன். எத்தியோப்பியாவுக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது, இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

மறுநாள், பயிசாவைப் பிடித்துவைத்திருக்கிற விவசாயிகள் சங்கத்தின் செயலாளர் தெசெமாவைப் பார்க்கப் போனேன். அவர் தலைக்கு மேலும் கத்தி தொங்குகிறது. தன் கண் முன்னாலேயே ஜெபம் நடந்தது என்று மேலிடம் நம்பினால் முதலில் போவது அவர் வேலைதான். அதனால் அவரே ஒரு வழி சொன்னார். “டாக்டரம்மா, நீங்க கதை நல்லாத்தான் எழுதுறீங்க. காணிக்கை வர்றதுக்காக இட்டுக்கட்டி எழுதினேன்னு ஊர் முன்னாடி சொல்லிடுங்க. அதையே உங்க நாட்டுப் பத்திரிகையிலயும் போடச் சொல்லுங்க. எந்தப் பத்திரிகையா இருந்தாலும் சரி, அச்சுல இருக்கணும். மழைக்கு முன்னாடி என் கைக்கு வரலேன்னா ஆளை மாகாணச் சிறைக்கு அனுப்புறதைத் தவிர எனக்கு வேற வழியில்ல.” மாகாணச் சிறைக்கு இந்தப் பக்கத்திலிருந்து நாலு பேர் போனார்கள். ஒருவரும் திரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை நேரம் பார்த்துத்தானே அவர்கள் கூட்டம் போடுவார்கள், அங்கே எழுந்து நின்று நான் பொய் எழுதினேன் என்று சொன்னேன். உன் அப்பாவை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டேன், பொய் கேட்டால் அவருக்குக் காது சிவந்துவிடும். அந்த வயலில் களை கொத்தின நாற்பது பேரும் கூட்டத்தில் இருந்தார்கள். நம் ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிற கலானே எழுந்து, “இந்தம்மா பொய்க்காரின்னு எனக்கு அன்னைக்கே தெரியும். குனிஞ்ச முதுகு நிமிராம நாங்க களை எடுத்தோம், இது நிழல்ல உக்காந்து கதை கட்டிருக்கு. ஒரு நாளாவது மண்வெட்டியத் தொட்டிருக்கா, கேளுங்க” என்று கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிப் பேசினாள், ஆனால் வருஷக்கணக்காக மனதில் வைத்திருந்ததையும் அதோடு சேர்த்துக் கொட்டிவிட்டாள் என்று நினைக்கிறேன். பரவாயில்லை, கொட்டட்டும்.

ஊர் வேலை முடிந்தது. நம்மவர்கள்தான் முரண்டு பிடிக்கிறார்கள். மிஷன் தலைமையகத்துக்கு ஆள் மூலம் எழுதினேன். பதில் வந்திருக்கிறது: எங்கள் மிஷனரி பொய் சொன்னார் என்று அச்சிட முடியாது, வாசகர்களின் விசுவாசம் தடுமாறும், சத்தியத்துக்காகப் பாடுபடும் சகோதரர் பயிசாவுக்காக விசேஷ ஜெப வாரம் வைக்கிறோம். இதைப் படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. சத்தியமாம். அந்தச் சத்தியத்துக்கு அடி வாங்குகிறவர் யார், மெத்தை போட்ட நாற்காலியில் உட்கார்ந்து அதைத் தட்டச்சு செய்கிறவர் யார்? ஜெப வாரம் என்று மறுபடியும் படத்தைப் போட்டார்களானால் அவரை அவர்களே கொன்றதாகத்தான் அர்த்தம், இதை நான் சொன்னதாகவே அவர்களிடம் சொல்.

ஆகவே மிச்சமிருப்பது நீதான். பெந்தெகொஸ்தே ஞாயிறன்று சபை நிறைந்திருக்கும். அறிவிப்புகள் முடிந்ததும், கடிதத்தை வாசித்த நீயே எழுந்து, என் அம்மா எழுதினது பொய், காணிக்கைக்காகக் கற்பனை செய்தாள் என்று சொல். அங்குள்ள நம் ஊர் வாரப் பத்திரிகை சாவையும் கல்யாணத்தையும் சபைச் சண்டையையும் விட்டதே கிடையாது, இதையும் போடாமல் இருக்காது. என் வாக்குமூலம் கையெழுத்தோடு இதனுடன் இருக்கிறது, அதையும் அவர்களிடம் கொடு. அச்சானதும் இரண்டு பிரதிகளை ரோஸ்விதாவிடம் கொடுத்தனுப்பு, ஜூன் பத்தாம் தேதி அவள் இங்கே திரும்புகிறாள். அம்மா ஒரு காரணத்துக்காகத்தான் அப்படிச் செய்தாள் என்று யாரிடமும், எந்தச் சிநேகிதியிடமும் இரகசியமாகக் கூடச் சொல்லாதே. உன் இரகசியத்தின் லட்சணத்தைத்தான் பார்த்துவிட்டோமே. எழுதினவள் நான், அந்தக் குற்றம் என்னுடையது, அதை உன் தலையில் கட்டவில்லை. ஆனால் வாசித்தவள் நீ.

எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த சபையில் இனி என்னைப் பொய்க்காரி என்பார்கள். ஆகஸ்டில் உன் கல்யாணமும் அங்கேதான். மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று உனக்குக் கலக்கமாக இருக்கும். எனக்கும்தான் இருக்கிறது, அதை நினைத்து நேற்று அழுதேன். ஆனாலும் சல்த்தூ நாளைக்கும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கப்போகிறாள், நான் அவளைப் பார்த்தாக வேண்டும்.

கர்த்தர் உன்னைக் காத்து, உன் நாவைத் திடப்படுத்துவாராக. குளிருக்குக் கழுத்தைச் சுற்றிக்கொள். இதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. ஞாயிற்றுக்கிழமை எழுந்து நிற்கும்போது அழாதே, அழுதால் நம்ப மாட்டார்கள்.

உன் அம்மா,
ஹெட்விக்