எங்கே நிறுத்துவது என்று எழுதி வைத்தவருக்கு

அன்பு நிறைந்த எட்வின்,

பாளையங்கோட்டையிலிருந்து உமக்கொரு நல்ல செய்தி. முதலில் என் கோபத்தைச் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

நீர் மறைந்த மூன்றாம் மாதம், வகுப்புக்கான காணொளிகளையும் படங்களையும் இணையத்திலிருந்து திரட்டித் தரும் செயலிகளை மதிப்பிட நம் பள்ளியில் ஒரு குழு அமைத்தார்கள். என்னையும் சேர்த்தார்கள். ஒன்றைத் தேர்ந்ததும், புவியியலுக்காக நீர் ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்த இணையப் பக்கத்தை மூடிவிடுவதாக ஏற்பாடு. மதிப்பீட்டுப் படிவத்தில் வேகத்துக்கு ஒரு கட்டம், தோற்றத்துக்கு ஒரு கட்டம், எத்தனை திரட்டுகிறது என்பதற்கு ஒரு கட்டம். ஆசிரியர் தம் சொல்லாக ஒரு வரி எழுத இடமுண்டா என்று கேட்க ஒரு கட்டமும் இல்லை.

நீர் ஒவ்வோர் இணைப்பின் கீழும் இரண்டு வரி எழுதுவீர்: எங்கே நிறுத்த வேண்டும், நிறுத்தி என்ன கேட்க வேண்டும். குறிப்பில்லாத இணைப்பு உம் வகுப்புக்குள் நுழையாது. "முழுசாப் பாக்காமப் பிள்ளையளுக்குக் காட்டுதது, ருசி பாக்காமப் பந்தியில சாம்பார் விளம்புத மாதிரி, அண்ணாச்சி" என்பீர்.

குழுவில் ஒரு செயலி முதலிடம் பெற்றது. அது திரட்டியவற்றில் ஒன்றையாவது திறந்து பார்த்தவர் யார் என்று கேட்டேன். எல்லோரும் படிவத்தைப் புரட்டத் தொடங்கினார்கள். நான் குரலை உயர்த்தவில்லை, எட்வின். உயர்த்தியிருந்தால் கோபம் அங்கேயே செலவாகியிருக்கும். மறுநாள் பத்தாம் வகுப்பில் வைத்துச் சோதிப்போம் என்று மட்டும் சொன்னேன். தலைமையாசிரியை வந்து கடைசி பெஞ்சில் அமர்ந்தார்.

செயலியிடம் தாமிரபரணியைக் கேட்டோம். கண்மூடித் திறப்பதற்குள் ஒரு குவியல் வந்து விழுந்தது. முதல் காணொளியில் பனிமலை உருகி ஆறாகிறது.

"சார், பொதிகைல எப்போ ஐஸ் விழுந்திச்சு?" என்றாள் செல்வி. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் மூடியதும், தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டை விட்டுக் குடும்பத்தோடு மலையிறங்கி வந்தவள். வகுப்பு சிரித்தது, தலைமையாசிரியையும் சிரித்துவிட்டார்.

பிறகு உம் பக்கத்தைத் திறந்தேன். காரையார் அணைக் காணொளியை நீர் குறித்த இடத்தில் நிறுத்தி, உம் கேள்வியைப் படித்தேன்: இந்தத் தண்ணீர் உன் வீட்டுக்கு வர எத்தனை ஊர்களைக் கடக்க வேண்டும்? பிள்ளைகள் ஊர்களை எண்ணத் தொடங்க, மணியடித்தும் வழக்கு ஓயவில்லை. "ஏலே, கல்லிடைக்குறிச்சிய விட்டுட்டியே" என்று ஒருவன் பெஞ்சில் ஏறாத குறை. நீர் அங்கே நின்றிருக்க வேண்டும், வே.

செய்தி இதுதான்: படிவத்தில் புதுக் கட்டம் வந்துவிட்டது. குறிப்பெழுத இடம் தரும் செயலியையே எடுக்கிறோம். உம் பக்கம் ஒரு வரி குறையாமல் அதற்கு மாறுகிறது.

ஒரே ஒரு சிக்கல். நீர் கடைசியாகச் சேர்த்த மாஞ்சோலைக் காணொளியின் கீழே குறிப்பில்லை. உம் விதிப்படி அது வெளியேதான் நிற்க வேண்டும். எழுத நேரம் வாய்க்கவில்லையா? அல்லது எங்கே நிறுத்துவதென்று உமக்கே தெரியவில்லையா?

செல்விக்குப் போட்டுக் காட்டி, எங்கே நிறுத்தலாம் என்று கேட்டேன்.

"நிறுத்தாதீங்க சார். எங்க லைன் வீடு கடைசிலதான் வருது."

முதல் வரியை எழுதிவிட்டேன்: 'நிறுத்த வேண்டாம்.' என்ன கேட்பது என்பதை அவள் எழுதுவாள். முழுவதும் பார்க்காத எதையும் உம் பக்கத்தில் ஏற விடமாட்டேன். இது நான் உமக்குத் தரும் வாக்கு.

இன்னமும் உம் அண்ணாச்சியாகவே இருக்கும்
இப்ராஹிம்