நகரும் மண்டபம்

நவம்பர் 12, புதன்

விடாத மழை. பினாங்குத் தீவு இந்நேரம் சுமத்ரா பக்கம் மிதந்து போயிருக்கும். இரண்டு பாலங்களும் இழுத்துப் பிடித்திருப்பதால் பிழைத்தோம்.

தங்கை கலா ஃபோன். ஞாயிறு அவள் மகள் ரூபிணிக்கு நிச்சயம். மா.வீ. (மாப்பிள்ளை வீட்டார்) தாசேக் கெலுகோரிலிருந்து ஒரு வேன், இரண்டு கார். பத்தரைக்குள் தாம்பூலத் தட்டு மாற்றியாக வேண்டும், அதற்கு மேல் நேரம் நல்லதில்லையாம். மண்டபம் புதியது. தண்ணீர்மலைக் கோயிலைத் தாண்டி, கெபுன் பூங்கா சாலையில் ஒரு சந்துக்குள். வழி அனுப்பும் மாபெரும் பொறுப்பு தாய்மாமனாகிய எனக்கு.

"அண்ணே, விளையாடாம அனுப்பிருவீங்கதானே லா?"

என்னைப் போய்க் கேட்கிறாள்.

ஆனால் அவள் பயம் எனக்குத் தெரியும். முன்பு ரூபிணிக்கு ஒரு இடம் பேசி, நிச்சயத்தன்று அந்த வீட்டுப் பெரியவர், "நேரம் தப்பிருச்சு, இன்னொரு நாள் வெச்சுக்கலாம்" என்று எழுந்து போனார். அந்த இன்னொரு நாள் வரவே இல்லை. இந்தச் சம்பந்தியும் நேரம் பார்ப்பதில் சூரியனைத் திருத்துகிறவர் என்று கேள்வி. நான் இன்னும் நேரில் பார்த்ததில்லை. பையன் தினேஷ் தங்கம். ரூபிணியோடு பத்து காவான் ஊரில் ஒரே தொழிற்சாலையில் வேலை.

என் ஃபோனில் இரண்டு மேப். ஒன்றுக்கு மகாராணி என்று பெயர் சூட்டியிருக்கிறேன். குரலில் அவ்வளவு அதிகாரம். மற்றது சேனாபதி. சாலையில் போகிறவர்களெல்லாம் அதற்கு ஒற்றர்கள். விபத்து, வெள்ளம், குழி என்று சேதி கொடுப்பார்கள். கலாவின் வீட்டுக்காரர், என் மச்சான், மகாராணி கட்சி. ரூபிணி சேனாபதி கட்சி. நான் இரண்டுக்கும் எதிர்க்கட்சி.

திறந்ததும் இரண்டும் கேட்கிற முதல் கேள்வியே தப்பு. "எங்கே போகிறீர்கள்?" நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? உலகத்தில் எல்லாவற்றையும் என்னிடம் கேட்கும் என் மனைவி பார்வதிகூட அதை மட்டும் கேட்க மாட்டாள். "தூரமா?" என்பாள். அவ்வளவுதான்.

நவம்பர் 13, வியாழன்

தூறல். சோதனை ஓட்டம். என் கிழட்டுக் காரை (புஷ்பக விமானம்) எடுத்துக்கொண்டு பாலத்துக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த் போய், அங்கிருந்து மண்டபத்துக்கு இரண்டு மேப்பையும் ஒன்றாக ஓடவிட்டேன்.

மகாராணி: பழைய பாலம். சேனாபதி: இரண்டாவது பாலம், தெற்கே அவ்வளவு தூரம் போய்ச் சுற்றி! யாருக்கு அங்கே பெட்ரோல் கடை இருக்கிறது? விசாரிக்க வேண்டும்.

பழைய பாலமே போனேன். தீவுக்குள் வந்ததும் ஒன்று இடது என்றது, மற்றது வலது என்றது. நடுநிலைமையோடு நேரே போனேன். ஒரு சீனர் கோப்பிக் கடையின் சமையலறை வாசல். தொங்கிக்கொண்டிருந்த வாத்து ஒன்று என்னை இரக்கத்தோடு பார்த்தது.

மண்டபத்தை இரண்டுக்கும் தெரியவில்லை. மகாராணி ஒரு பல் வைத்தியரைக் காட்டினாள். சேனாபதி ஒரு திடலின் நட்டநடுவில் நிறுத்தி, "வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்று வாழ்த்தினான்.

இதைவிடப் பயங்கரம்: எதிரிகள் என்று சொல்லிக்கொள்ளும் இரண்டும் என்னை ஒரே டயர் கடை வழியாகக் கொண்டுபோயின. நேற்றுதான் பார்வதியிடம் டயர் தேய்ந்துவிட்டது என்றேன். ஆக, ஒட்டுக் கேட்கிறார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே ஃபோனை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினேன்.

பார்வதி: "அரிசி எடுக்கப் போனா டப்பா 'டர்ன் லெஃப்ட்'ங்குது. உங்களுக்கு வேற வேலையே இல்லையா?"

நவம்பர் 14, வெள்ளி

நல்ல வெயில். துணி காய்ந்தது.

வழக்கம்போல் சேனாபதிக்கு ஒற்றுச் செய்தி அனுப்பினேன்: எங்கள் சந்தில் வெள்ளம். முழங்கால் அளவு. (பூனை நடுத்தெருவில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.) இப்படிச் சொன்னால்தான் குறுக்குவழிக்காரர்கள் சந்துக்குள் நுழைவதில்லை. போன மாதத்திலிருந்து சந்தில் தேவலோக அமைதி. பக்கத்து வீட்டு அக்கா எல்லாம் முருகன் செயல் என்கிறார். நான் மறுக்கவில்லை.

பிறகு யோசனை. சேனாபதிக்குச் சேதி கொடுப்பவர்களெல்லாம் என்னைப் போன்றவர்கள் என்றால், சேனாபதியை நான் எப்படி நம்புவது?

பட்டு வேட்டி இஸ்திரிக்கு. பூமாலை மூன்று சொல்லியாயிற்று. கேக்.

நவம்பர் 15, சனி

மேகமூட்டம். ரூபிணி வந்தாள். முகத்தில் சிரிப்பு, நகத்தை மட்டும் கடித்துத் தீர்த்திருக்கிறாள்.

"மாமா, மேப்ல தேடவே வேணாம். காலையில மண்டபத்து வாசல்ல நின்னு, அங்கேருந்து லொக்கேஷன் அனுப்பிருங்க. வேற ஒண்ணும் செய்யாதீங்க, ப்ளீஸ்."

"வேற ஒண்ணும்னா?"

"மாமா!"

போகும்போது சொன்னாள்: "அம்மா ரெண்டு நாளா கடிகாரத்தையே பாத்துக்கிட்டு இருக்காங்க." 

நவம்பர் 16, ஞாயிறு. காலை

விடியுமுன் பேய்க்காற்று, மழை. இப்போது விட்டுவிட்டது. மண்டபத்து வாசலில் நிற்கிறேன், புஷ்பக விமானத்தின் மேல் டைரியை வைத்து எழுதுகிறேன்.

ஃபோனில் இரண்டு வகை. ஒன்று வெறும் லொக்கேஷன். மற்றது லைவ் லொக்கேஷன், அதாவது உயிருள்ளது. மங்கள காரியத்துக்கு உயிரில்லாத லொக்கேஷனை எந்தத் தாய்மாமன் அனுப்புவான்? உயிருள்ளதையே அனுப்பினேன். எத்தனை மணி நேரம் உயிரோடு வேண்டும் என்று கேட்டது. இருப்பதிலேயே அதிகம்: எட்டு. சம்பந்தியிடமிருந்து உடனே கும்பிடும் கை.

இனி பூமாலை, கேக் வாங்கப் போகிறேன்.

அதே நாள், மாலை

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், ஒரு துளி மிகையில்லாமல்.

லிட்டில் இந்தியாவில் மாலை வாங்கித் திரும்பும்போது கண்ணாடியில் ஒரு வெள்ளை வேன். பின்னால் இரண்டு கார். சௌராஸ்தா பசாரில் வெற்றிலைக்கு நிறுத்தினேன். வேனும் நின்றது. யாரும் இறங்கவில்லை. கிளம்பினேன். கிளம்பியது. புலாவ் தீக்குசில் கேக் வாங்கினேன். எதிரே அதே வேன், கண்ணாடி ஏற்றியபடி, எமதர்மன் போல் பொறுமையாக.

ஆள் கடத்தலா? என்னை எதற்கு? வெள்ளப் புரளி வெளியே வந்துவிட்டதா, சேனாபதியின் ஆள்களா? குர்னி ரவுண்டபவுட்டை மூன்று சுற்று சுற்றினேன். மூன்று வண்டியும் எனக்குப் பின்னால் மூன்று சுற்று, கோயில் பிரகாரம் மாதிரி. ரூபிணி ஆயிரம் முறை அழைத்தாள். எடுக்கவில்லை; துரத்தப்படுகிறவன் ஃபோன் எடுக்கக் கூடாது, அதை வைத்துத்தான் பிடிப்பார்கள்.

நேரே ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்குள் விட்டேன். மூன்று வண்டியும் பின்னாலேயே உள்ளே வந்து வரிசையாக நின்றன. கதவு திறந்தது. பட்டுப்புடவைகள். தேங்காய், பழம், பூத்தட்டுகள். முன்னால் பட்டு வேட்டியில் ஒருவர்:

"தாய்மாமன் நீங்கதானா அண்ணே? மண்டபம் போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளயா?"

சம்பந்தி!

கடைசிக் காரிலிருந்து தினேஷ் ஓடி வந்தான். "மாமா, நீங்க அனுப்புனது லைவ். அது மண்டபம் இல்ல, உங்க ஃபோன். நீங்க போற எடமெல்லாம் அந்தப் புள்ளியும் போகும். அப்பாகிட்ட சொல்லலாம்னு எத்தனை தடவ போட்டேன், கட் பண்ணிக்கிட்டே இருக்காரு!"

"போன் வந்தா மேப்ப மறைக்குதுடா" என்றார் சம்பந்தி.

"ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமே, எங்க போறீங்கன்னு?" என்றேன்.

அவர் முகம் சிவந்தது. "நல்ல காரியத்துக்குப் போறவர எங்க போறீங்கன்னு கேக்கச் சொல்றீங்களா? எங்க வீட்டுல அந்தப் பழக்கம் இல்ல."

எங்கள் வீட்டிலும் இல்லை.

அவர் மனைவி: "மண்டபம் நகருதேங்கன்னு அப்பவே சொன்னேன். 'ஊரச் சுத்திக் காட்டுறாரு, சும்மா வா'ன்னாரு."

போலீஸ்காரர் தட்டுகளைப் பார்த்துவிட்டு மலாயில், "இதில் புகார் கொடுப்பவர் யார்?" என்றார். யாரும் முன்வரவில்லை.

பத்தரைக்கு அதிக நேரமில்லை. மகாராணி: கெபுன் பூங்கா சாலை, தடையில்லை. சேனாபதி: அதே சாலையில் மரம் விழுந்திருக்கிறது, சுற்றிப் போகவும். யாரோ ஒற்றன் சொன்னது. ஒற்றர்களை எனக்குத் தெரியாதா? அவன் வீடு அந்தச் சாலையில்தான் இருக்கும், அமைதி வேண்டியிருக்கும். மகாராணியை நம்பி முன்னால் பறந்தேன்.

மரம் விழுந்திருந்தது. காலையில் நான் வந்தபோது நின்றிருந்த ராட்சச மழைமரம், சாலைக்குக் குறுக்கே, வேரோடு. நகராட்சி ஆள்கள் அறுத்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் கார்கள் அடைத்துவிட்டன, திரும்பவும் வழியில்லை. மண்டபம் மரத்துக்கு அந்தப் பக்கம். பையிலிருந்து மகாராணி, "நேரே செல்லவும்." வேறு வழியில்லாமல் கலாவை அழைத்துச் சொன்னேன். கேட்ட நொடியே ஃபோனை வைத்துவிட்டாள்.

சம்பந்தி இறங்கி மரத்தைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மெதுவாக, மரியாதையாகத்தான் சொன்னார்: "யாரையும் குத்தம் சொல்லல அண்ணே. ஆனா நேரம் தப்பப் போகுது. இன்னொரு நாள்..."

உலகத்தில் இருக்கிற எல்லாப் பொய்யையும் சொல்லத் தெரிந்த எனக்கு ஒரு பொய்யும் கிடைக்கவில்லை.

அப்போது அந்தப் பக்கக் கிளைகள் அசைந்தன. கலா. பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு, தலையெல்லாம் இலை, கையில் தாம்பூலத் தட்டு. பின்னால் மச்சான், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ரூபிணி. மரம் அறுக்கிறவர்கள் மெஷினை நிறுத்தினார்கள்.

அவள் யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அடிமரத்துக்கு மேலே தட்டை நீட்டினாள்.

"வேணாங்கண்ணே. இன்னொரு நாள்ங்கற பேச்சே வேணாம். தட்டு இங்க இருக்கு, பொண்ணு இங்க இருக்கா, நீங்களும் இங்க இருக்கீங்க. புடிங்க லா."

சம்பந்தி அசையவில்லை. கலாவும் கையை இறக்கவில்லை.

"வாங்குங்களேன், மரம் மாதிரி நிக்கிறீங்க!" அவர் மனைவி.

வாங்கினார். தங்கள் தட்டைக் கொடுத்தார். பத்தரை ஆகவில்லை. தினேஷ் மரத்தின் மேல் ஏறி நின்று சிரிக்கிறான், அழுகிறான், எது என்று தெரியவில்லை. பின்னால் மாட்டியிருந்த கார்களெல்லாம் ஹாரன் அடித்தன. கோபத்திலா வாழ்த்தா, அதிலும் எனக்குச் சந்தேகம்தான்.

மோதிரம், சாப்பாடு, கேக் எல்லாம் பிறகு மண்டபத்தில். கேக் நசுங்கியிருந்தது. யாரும் கவனிக்கவில்லை.

நவம்பர் 17, திங்கள்

மழை. வேட்டியில் சேறு, போகுமா தெரியவில்லை.

பத்து மணிக்குக் கலாவுக்கு ஃபோன் போட்டேன், மன்னிப்பு மாதிரி ஏதாவது சொல்ல. மச்சான் எடுத்தார்.

"இன்னும் தூங்குறா, மச்சான்."

கலாவா? பத்து மணி வரைக்குமா? இருட்டோடு எழுந்து வாசல் பெருக்குகிறவள். ஏதோ மறைக்கிறார் என்று தோன்றியது. பக்கத்தில் போய், மூச்சு ஒழுங்காக வருகிறதா பார்த்துச் சொல்லச் சொன்னேன்.

போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "குறட்டை விடுறா" என்றார்.

எழுப்பாதீர்கள் என்றேன்.