மருத்துவச்சி நப்பூதியாரை விடுவிக்குமாறு செங்குன்றத்துக்கு விடுத்தது

மண் குளிர்க. வேங்கைநாட்டுப் பேரரசியார் திருவாய்மொழிந்தபடி, பேரமைச்சர் ஆதன் அழிசி எழுதுவித்து, செங்குன்றநாடு ஆளும் மழவரையர் திருமுன் விடுக்கும் ஓலை. உம் கொற்றத்தை வாழ்த்துவது மரபு, மரபுக்காகவே வாழ்த்தினோம்.

சென்ற கோடையில் உம் ஆற்றுப்படுகைப் பூசணிக் கொடிகள் நச்சுயிரி தாக்கி வெளிறிச் சுருண்டபோது, நீர் இரந்து கேட்டதற்கு இணங்கி எம் பயிர் மருத்துவச்சி நப்பூதியார் ஆறு கடந்து வந்தார். நோயுற்றும் மடியாது நின்ற சில கொடிகளைக் கண்டு, அவற்றில் இருப்பது வீரியம் குன்றிய நச்சுயிரி எனத் தெளிந்து, அக்கொடிகளின் சாற்றையே நாற்றுகளின் இலைகளில் தேய்த்தார். நச்சுயிரி என்பது தன்னைப் பெருக்கும்படி செடிக்குள் புகுந்து ஏவும் கட்டளையே என்றும், செடி அக்கட்டளையை நறுக்கி, அந்த நுண்துணுக்குகளை அடையாளமாகக் கொண்டு, அதே கட்டளை மீண்டும் வருமிடமெல்லாம் தேடி வெட்டும் என்றும், துணுக்குகளை முன்னரே பெற்ற நாற்றைக் கொடிய நோய் எளிதில் வெல்லாது என்றும் உம் அவையில் விளக்கினார். கொடிகள் காய்த்தன. உம் குடிகள் உண்டனர்.

பின்னர் உம் மைத்துனரும் படுகைக் கண்காணியுமாகிய வயமாறன், நப்பூதியார் தடுத்தும் கேளாமல், அயல்நிலத்து வெள்ளரிக் கொடிகளைக் கீழ்ப்படுகையில் நடுவித்தார். அவற்றோடு வந்த வேறொரு நச்சுயிரி, அத்துணுக்குகளைப் பற்றிக்கொண்டு செயலறச் செய்வது. காவல் இழந்த கொடிகளில் இரு நோயும் கூடிப் பெருகின; கீழ்ப்படுகை முழுதும் கருகியது. வயமாறன் பழியை நப்பூதியார்மேல் சுமத்த, நீர் விசாரியாமலே அவரை விலங்கிட்டீர்.

"நான் தேய்த்தது நஞ்சென்றால், வெள்ளரி நடாத மேல்படுகை ஏன் இன்னும் பச்சையாக இருக்கிறது?" என்று அவர் கேட்டார். அது கேட்ட நீர், அந்த மேல்படுகைக்குத் தீயிடப் பணித்தீர். விலங்கிட்டபோது கலங்காதவர், சிறைச் சாளரத்தின் வழியே அப்புகையைக் கண்டு அழுதார் என உம் காவலரே சொல்லக் கேட்டோம்.

அத்தீயை மண்வாரி அணைத்தவர்கள் உம் உழவர்கள். எஞ்சிய கொடிகளின் காய்களைச் சுமந்து ஆறு கடந்து வந்து, எங்கள் மருத்துவச்சியை மீட்டுத் தாருங்கள் என்று எம் அரசியாரை வேண்டினர். எங்கள் என்றே சொன்னார்கள், மழவரையரே.

ஆகவே வரும் முழுநிலவுக்குள் நப்பூதியார் விலங்கின்றி ஆற்றுத்துறைக்கு வந்து சேர்க. வயமாறனும் உடன் வருக. தவறின் எம் யானைகள் ஆற்றில் இறங்கும்.

இதனை உம்மிடம் கொணர்வோர் எம் வீரரல்லர், அவ்வுழவரே. முத்திரை இடுமுன் இது முழுதும் அவர்களுக்குப் படித்துக் காட்டப்பட்டது. அவர்களுள் ஒருவர்மேல் கை பட்டாலும் முழுநிலவுவரை பொறோம்.

இது அரசியார் ஆணை. வேங்கை இலச்சினை பொறிக்கப்பட்டது.