ஈரக் கை

23 ஜனவரி 2008, புதன்

தை பிறந்ததிலிருந்து கல்யாணப் பத்திரிகை அட்டை குறையவே இல்லை. திருப்பதியில் வெங்கடரமணன் கடையிலிருந்து இன்று மட்டும் நானூறு வந்தது. மாப்பிள்ளைக்கு அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை. அந்த மாதிரி வீடுகளுக்கு எழுத்து மேடாக இருந்தால் மட்டும் போதாது. தலைப்பில் சங்கும் சக்கரமும் தங்கக் காசை ஒட்டியது போல நிற்க வேண்டுமாம். அதற்குத்தான் தங்க நிறக் கெட்டிப் பொடி. சாதாரணப் பொடி முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி இருக்கும். இது ரவை மாதிரி.

நைனா துணி கட்டிய மரச்சட்டத்தில் மை இழுப்பார். மை காய்வதற்குள் அம்மா பொடியைத் தூவி உதறுவாள். நான் இடுக்கியில் பிடித்துக் கம்பி அடுப்பின்மேல் காட்டுவேன். உருகியதும் அதே சூட்டில் இன்னொரு கரண்டிப் பொடி. மறுபடி அடுப்பு, மறுபடி பொடி. மூன்றாவது முறை கண்ணாடி போல எழும்பி நிற்கும். ஆறும்வரை கை ஆடக்கூடாது. ஆடினால் அலை விழும்.

இன்று ஏழு அட்டையில் அலை விழுந்தது. மை இழுக்கும் கட்டையால் என் விரல் முட்டியில் ஏழு அடி. அடி வாங்கிய கையால்தான் அடுத்த அட்டையையும் பிடிக்க வேண்டும். அதிலும் அலை. இது எங்கே போய் முடியும்?

24 ஜனவரி

இன்று ஒன்பது.

27 ஜனவரி, ஞாயிறு

தடாவிலிருந்து பொன்னியம்மாள் பெரியம்மா வந்தாள். அம்மாவின் அக்கா. அங்கே செருப்புக் கம்பெனியில் வேலை செய்கிறாள். நைனா முன்னாலேயே கேட்டுவிட்டாள்.

“ஆள் எடுத்துக்கினு இருக்கறாங்கடி தாட்சு. வேன் வூட்டாண்டயே வருது. நீயும் வந்தா ரெண்டு பேருமா போய்க்கினு வந்துகினு இருக்கலாம். பொண்ணு அங்க படிக்கட்டும்.”

நைனா சிரித்தார். “போவட்டுமே. நான் இன்னா கட்டியா போட்டுகீறேன்?” என்றார். பெரியம்மாவுக்குக் காபி போடச் சொன்னார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடப் போய் ஏற்றிவிட்டு வந்தார். வந்து கதவைச் சாத்தினார்.

“செருப்பு கம்பெனிக்குப் போறியா? இங்க இல்லாத செருப்பா?”

முதலில் செருப்பு. பிறகு மை இழுக்கும் மரச்சட்டம். அதன் மூலை அம்மாவின் நெற்றியில் இறங்கியது. ரத்தம் அட்டையில் படாமல் இருக்க அம்மா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அட்டைமேல் பட்டால் அதற்கும் அடி விழும் என்று அவளுக்குத் தெரியும்.

நான் தமிழில் எழுதுவது இதனால்தான். பள்ளிக்கூடம் தெலுங்கு மீடியம். அம்மா காட்பாடிப் பக்கம் பத்தாவது வரை படித்தவள். அவள் சொல்லிக்கொடுத்த தமிழ் இது. நைனா பேசுவது தமிழ், ஆனால் படிக்கத் தெரியாது. ஏழாவது வரை தெலுங்கில் படித்ததோடு சரி. தமிழ் அட்டை வந்தால் அம்மாதான் பிழை பார்ப்பாள். இந்த நோட்டு, கெட்டுப்போன அட்டைக் கட்டுக்கு அடியில் இருக்கிறது. அந்தக் கட்டைத் தொடுபவள் நான் ஒருத்திதான்.

தெரு விளக்கு அணைந்துவிட்டது. போதும்.

11 பிப்ரவரி, திங்கள்

எழுத வரவில்லை. எழுதாமல் படுக்கவும் முடியவில்லை.

நான்தான் செய்தேன். பின்னால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். “ஏய் தேனு” என்று நைனா கூப்பிட்டார். இரண்டாவது முறை கூப்பிட விடக்கூடாது. கையைத் துடைக்காமல் ஓடி, பொடித் தட்டில் கையை வைத்துவிட்டேன். மெட்ராஸிலிருந்து வந்த புதுப் பொடி. தட்டு முழுக்கக் கட்டி கட்டியாகிப் போனது. என் விரல்களில் தங்கம் அப்பியிருந்தது.

அம்மா பார்த்தாள். நைனா திரும்புவதற்குள் முந்தானையால் என் கையை அழுத்தித் துடைத்தாள். ஈரமும் பொடியும் அவள் கைக்கு மாறின.

“யாருது ஈரக் கை?”

“என்னுதுதான். கவனிக்கல.”

நைனாவுக்குக் கோபம் தலைக்கு ஏறினால் தெலுங்குதான் வரும். சம்பேஸ்தானு, சம்பேஸ்தானு என்றார். கொன்னுடுவேன், கொன்னுடுவேன். அதை நிறையத் தடவை கேட்டிருக்கிறேன். இன்று கத்தவில்லை, மெதுவாகச் சொன்னார். சொம்புத் தண்ணீரை எடுத்து அம்மாவின் வலது கையில் ஊற்றினார். கையை மணிக்கட்டு வரைக்கும் பொடியில் புதைத்தார். எடுத்து அடுப்பின்மேல் பிடித்தார்.

அம்மா கத்தினாள். அது அம்மாவின் குரல் மாதிரியே இல்லை. பொடி முதலில் மங்கும், அப்புறம் ஓரத்திலிருந்து மினுமினுக்கும். அட்டையில் எப்படியோ அப்படியேதான் கையிலும் ஆனது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா என் கையைத் துடைத்ததும் சூட்டோடு எடுத்த அட்டை ஒன்று என் இடுக்கியில் இருந்தது. அதை நான் கீழே வைக்கவில்லை. கை ஆடவும் இல்லை. இன்று அலை விழாத அட்டை அது ஒன்றுதான்.

பிறகு நைனாவே பயந்துபோனார். “ஐயோ தாட்சு, ஐயோ” என்று உருகியதைப் பிடித்து இழுத்தார். இழுத்ததோடு தோலும் வந்தது.

நான்தானே. ஈரக் கை என்னுது. ஏன் நான் சொல்லல? வாய் இருந்துச்சே.

12 பிப்ரவரி

சித்தூர் பெரிய ஆஸ்பத்திரி. ஆட்டோவில் போகும்போதே நைனா சொல்லிவிட்டார்: கஞ்சி வடிக்கும்போது கையில் கொட்டிக்கொண்டாள். அம்மா தலையாட்டினாள். நானும் ஆட்டினேன்.

டாக்டர் ஒரு அம்மா. கட்டைப் பிரித்து லைட்டைக் கிட்டே இழுத்துப் பார்த்தார். “கஞ்சின்னு சொல்றீங்க. கஞ்சில இந்தத் தங்கம் எப்படி வந்துச்சி?” என்று தெலுங்கில் கேட்டார். நைனா சிரிக்கப் பார்த்தார். டாக்டர் ஒரு சீட்டில் மருந்து எழுதி, வெளியே போய் வாங்கி வரச் சொல்லி அவரை அனுப்பினார். என்னைப் பக்கத்தில் இழுத்தார்.

“இப்ப யாரும் இல்ல. உங்க நைனாவா செஞ்சாரு?”

கதவு பாதி திறந்திருந்தது. மருந்துக் கடை ரோட்டுக்கு அந்தப் பக்கம்தான். போக ஒரு நிமிஷம், வர ஒரு நிமிஷம்.

“கஞ்சிதாங்க மேடம்.”

டாக்டர் கட்டைத் திரும்பச் சுற்றினார். “இந்த மாதிரி உருகினது தோல்ல ஒட்டுனா இழுக்கக்கூடாது. தண்ணில வெச்சி ஆறவிடணும். யாரு இழுத்திருந்தாலும் அவங்ககிட்ட சொல்லிடு” என்றார். அவ்வளவுதான். சீட்டில் கஞ்சி என்றே எழுதினார்.

அம்மாவைக் காப்பாற்ற ஒரு நிமிஷம் கொடுத்தார்கள். அதில் நான் பொய் சொன்னேன்.

15 பிப்ரவரி

நகரியிலிருந்து தமிழ் அட்டை முந்நூறு. அம்மா இடது கையால் பொடி தூவுகிறாள். வலது கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டியிருக்கிறது. இரண்டு விரல் மடங்கியே இருக்கின்றன. “ஒத்தக் கைலயே நல்லா வருதே, ரெண்டு கை எதுக்கு உனக்கு?” என்றார் நைனா.

17 பிப்ரவரி, ஞாயிறு

நோட்டு அகப்பட்டுவிட்டது.

கெட்ட அட்டைகளை நைனா வெந்நீர் அடுப்பு எரிக்க எடுத்திருக்கிறார். கையில் நோட்டோடு நின்றார்.

“இன்னா இது? தமிழா? படி.”

அவர் விரித்த பக்கம் ஆஸ்பத்திரி எழுதிய பக்கம்.  என் வாய் தானாகச் சொன்னது: “அன்புடையீர், வணக்கம். நிகழும் சர்வஜித்து வருடம் மாசி மாதம்...” நகரிக்காரர்களின் பத்திரிகை. முகூர்த்த நேரம் வரைக்கும் விரலை ஓட்டிக்கொண்டே சொன்னேன். கண் மட்டும் நான் எழுதிய வரிகளில் இருந்தது.

நைனா நோட்டைப் பிடுங்கிக்கொண்டார். “போய் குழாயாண்ட நில்லு. நான் கூப்பிடறவரைக்கும் வராத” என்றார். நான் குழாயடிக்குப் போன பிறகு, கடையிலிருந்து திரும்பிய அம்மாவைக் கூப்பிட்டார். தடுப்பு தகரம்தானே, கேட்டது.

“இந்தப் பக்கத்துல இன்னா எழுதிக்குது? படி. ஒரு எழுத்து மாறுச்சின்னா அவளையும் அடுப்பாண்ட நிக்க வெப்பேன்.”

 அம்மா மனதுக்குள் படிக்கிறாள் என்று தெரிந்தது. முழுப் பக்கத்தையும் படிக்கிறாள். நான் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கால் நனைந்துவிட்டது, பயத்தில் ஒன்றுக்குப் போய்விட்டேன் என்று இப்போதுதான் புரிகிறது.

“அன்புடையீர், வணக்கம்” என்றாள் அம்மா. “நிகழும் சர்வஜித்து வருடம்...”

“பள்ளிக்கூடத்துல கல்யாணப் பத்திரிகைதான் எழுதச் சொல்றாங்களா?”

“தமிழ் அட்டைல எழுத்து தப்பாச்சின்னா நீதான ஒதைக்கிற. அதான் பொண்ணு எழுதிப் பழகுது. நல்லதுதான?”

நோட்டு வந்து சுவரில் விழுந்த சத்தம் கேட்டது. அம்மாவின் முதுகிலும் ஒன்று. பிறகு செருப்பு மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது? மூன்று நாளாக இந்த வீட்டில் நாங்கள் இருவரும் பார்த்த தமிழ் அது ஒன்றுதான். வேறு எதை அவள் சொல்லியிருப்பாள்? 

18 பிப்ரவரி

இன்று நோட்டைத் திறந்தால் என் எழுத்துக்குக் கீழே வேறு எழுத்து. கோணல் மாணலாக, ஒவ்வொரு எழுத்தும் ஒரு பக்கம் சாய்ந்து. இடது கை எழுத்து.

“கஞ்சி என்று சொன்னதற்கு அழாதே. நானும் அதைத்தான் சொன்னேன். வியாழக்கிழமை அவர் திருப்பதி போவார். உன் பையில் புத்தகம் வேண்டாம், துணி வை.”

20 பிப்ரவரி

இன்று பன்னிரண்டு அட்டை கெட்டது. எண்ணிக்கொண்டே அடித்தார். நானும் எண்ணினேன்.

21 பிப்ரவரி, வியாழன்

தடா. பெரியம்மா வீடு.

காலை ஆறு மணிக்கு அட்டைக் கட்டுகளோடு நைனா கிளம்பினார். ஆறரைக்கு நாங்கள். திருப்பதி வழியாக வந்தால் சீக்கிரம் வரலாம், ஆனால் அங்கே பஸ் ஸ்டாண்டில் அவர் நிற்பார். புத்தூரில் இறங்கி, சத்தியவேடு பஸ் பிடித்து, அங்கிருந்து இன்னொரு பஸ். புத்தூரில் வெள்ளைச் சட்டை போட்ட எல்லோருமே நைனாவாகத் தெரிந்தார்கள். அம்மா வழி நெடுக ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள். “துன்னியா?”

24 பிப்ரவரி, ஞாயிறு

வந்தார்.

மத்தியானம். ஞாயிறு என்பதால் லைன் வீடுகளில் எல்லோரும் இருந்தார்கள். கதவை உதைத்த உதையில் தாழ்ப்பாள் தெறித்து என் காலடியில் விழுந்தது. கையில் அட்டை வெட்டும் கத்தி. அம்மாவை எங்கே பிடித்தால் வலிக்கும் என்று தெரிந்து, கட்டுப் போட்ட கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தார். பெரியம்மா குறுக்கே போனாள். அவள் தோளில் கத்தி கோடு போட்டது. நான் அவர் மணிக்கட்டைக் கடித்தேன். விடவில்லை. தலையில் குத்தினார், காதில் குத்தினார். ரத்த ருசி வந்தது, அது யாருடையது என்று தெரியவில்லை. கத்தி விழுந்தது.

அதற்குள் கம்பெனிப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர். யாரோ ஒருத்தி அவர் முகத்தில் ஊறவைத்த துணியால் அறைந்தாள். “ஆம்பளைங்கோ வர்றவரைக்கும் பார்த்துக்கினு இருக்கச் சொல்றியா?” என்று கேட்டுக்கொண்டே இன்னொருத்தி அவர் முதுகில் உட்கார்ந்தாள்.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. அம்மாவின் கையைக் காட்டி என்ன என்று கேட்டார்.

“கஞ்சி சார்” என்றார் நைனா. “சித்தூர் ஆஸ்பத்திரி சீட்டுலயே எழுதிக்குது. பாருங்க.”

எஸ்.ஐ. சீட்டைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னை. நைனாவும் என்னைத்தான் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். 

“கஞ்சி இல்ல சார். பொடி.”

“என்ன பொடி?”

சொன்னேன். சொம்புத் தண்ணீரிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். ஈரக் கை என்னுடையது என்பதையும். தெலுங்கில் சொன்னேன், எஸ்.ஐ.க்கு நன்றாகப் புரியட்டும் என்று. “நுவ்வா?” என்றார் நைனா. நீயா? 

2 ஏப்ரல்

ஜாமீனில் வந்துவிட்டாராம். பெரியம்மா புதுத் தாழ்ப்பாள் இரண்டு போட்டாள்.

18 ஜூன், புதன்

பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரம் ஆகிறது. பத்தாவது. அம்மாவுக்குக் கம்பெனியில் தையல் கிடைக்கவில்லை, அந்த இரண்டு விரல் நிமிராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெட்டியில் காகிதம் அடைக்கிற வேலை. நைனா கோர்ட்டுக்கு இரண்டு தடவை வந்தார். இரண்டு தடவையும் நாங்கள் பெரியம்மாவோடும் கம்பெனிப் பெண்களோடும் போய், அவர்களோடே திரும்பினோம்.

இன்று சாயங்காலம் லாரித் தண்ணீர் வந்தது. குடத்தை நிரப்பி, இடுப்பில் வைத்து, வாசற்படி ஏறினேன். கை வழுக்கிவிட்டது. பெரியம்மாவின் புதுக் குடம். படியில் விழுந்து, உருண்டு, நசுங்கி, அந்தச் சத்தத்தில் லைன் முழுக்கத் திரும்பியது. வீட்டுக்குள் மடித்து வைத்த துணியெல்லாம் தண்ணீர்.

நான் கண்ணை மூடிக்கொண்டு தோளைக் குறுக்கி நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

அம்மா உள்ளேயிருந்து கேட்டாள். “காலு மேல வுழுந்துச்சா?”

“இல்ல.”

“அப்ப இன்னாத்துக்கு அங்க நின்னுகினு கீற? லாரி போயிடப் போவுது. வேற குடம் எடுத்துக்கினு ஓடு.”