சூப்பர்வைசர் என்று சொன்னது நான்தான்

நவம்பர் 3, திங்கள்

விடியும் முன்பிருந்தே மழை. வீட்டுக்கு முன்னால் சாக்கடை நிரம்பி வழிகிறது. ரீத்தாவை ஆறரைக்கு டயாலிசிஸ் சென்டரில் இறக்கிவிட்டேன். எடை பார்த்தார்கள். இரண்டரைக் கிலோ கூடுதல். இடையில் இரண்டு நாள் இருப்பதால் திங்கட்கிழமை எப்போதும் இப்படித்தான்.

"தண்ணி நிறைய குடிச்சீங்களா ஆன்ட்டி?" என்றாள் நர்ஸ் மிஸ்ஸி.

"மழையைப் பார்த்தேன், அதான் ஏறிடுச்சு" என்றாள் ரீ. உடம்பில் எது குறைந்தாலும் வாய் குறையவில்லை.

கண்ணாடிக் கதவில் புதிய தாள். டிசம்பரிலிருந்து கட்டணம் கூடுகிறது. குழாய், ஃபில்டர் எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. "கப்பலெல்லாம் சுத்திக்கிட்டு வருதாம் அங்கிள். நாங்க என்ன செய்ய?" அவளைக் கோபித்து என்ன பயன். எங்கோ யாரோ சண்டை போடுகிறார்கள், ஓய்வதாகவே இல்லை. என் மனைவியின் ரத்தம் ஓடும் குழாய்க்கு விலை ஏறுகிறது. இதை எந்த கவுன்டரில் போய்க் கேட்பது?

வேலை செய்யும் ஸ்டோரில் இந்த மாதமும் ஓவர்டைம் இல்லை. ஏற்றிப் போக கன்டெய்னர் வராமல் பெட்டிகள் கூரை வரை நிற்கின்றன. ஃபோர்க்லிஃப்டைத் துடைத்துக்கொண்டே பொழுது போனது. கணேசன் சொன்னான்: "சவரி, சண்டைக்கே போகாதவங்க நாம. முதல் அடி நமக்குத்தான் லா."

மாலை, தபால். டயாலிசிஸ் உதவிக்கு ஆகஸ்டில் போட்ட மனுவுக்குப் பதில். நிராகரிப்பு. "குடும்ப வருமானம் வரம்பைத் தாண்டுகிறது." எந்தக் குடும்பம்? எந்த வருமானம்? மூன்று முறை படித்தேன். கடிதத்தை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். ரீ.யிடம், இன்னும் பதில் வரவில்லை என்றேன்.

வாங்க: மானிய விலை பாக்கெட் எண்ணெய் (கிடைத்தால்). பல்பு 1. வெள்ளை ரொட்டி.

நவம்பர் 4, செவ்வாய்

அரை நாள் லீவு, சம்பளம் இல்லாமல். மனு போட்ட அலுவலகத்தில் என் எண் 87. அழைத்துக்கொண்டிருந்த எண் 31. கவுன்டர் நான்கு, ஆள் இருவர். சுவரில் டிவி. பொருளாதாரம் உறுதியாக இருக்கிறதாம், ரிங்கிட் வலுவாகிவிட்டதாம். சொன்னவர் நல்ல கோட்டு போட்டிருந்தார். டிவிக்குக் கீழே ஒரு சீனப் பெரியவர் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவர் எண் வந்தபோது நான்தான் எழுப்பினேன்.

எனக்குக் கிடைத்தது ஓர் இளம் அதிகாரி. மலாய்ப் பெண், மரியாதையானவள். அங்கிள் அங்கிள் என்றுதான் பேசினாள். கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். மகன் டேனியல். வேலை சிங்கப்பூர். பதவி சூப்பர்வைசர். பக்கத்தில் டாலர் சம்பளம், அதை ரிங்கிட்டாக்கி மூன்று மடங்குக்கு மேல் ஒரு தொகை.

"இதெல்லாம் யார் கொடுத்த விவரம்?" என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

அவள் கீழே தேடிப் பார்த்தாள். "அங்கிள்தான் கொடுத்திருக்கீங்க. ஆகஸ்ட் நேர்காணலில்."

எழுதவே வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு இருந்தது வேறு அதிகாரி, ஓர் ஆண். பிள்ளை எங்கே வேலை என்று பேச்சுக்குக் கேட்டார். சிங்கப்பூர் என்றேன். "வாவ்!" என்று புருவத்தைத் தூக்கினார். அந்த ஒரு "வாவ்"தான் என்னைக் கவிழ்த்தது. நிமிர்ந்து உட்கார்ந்து சூப்பர்வைசர் என்றேன். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று கம்பெனியில் டேனியிடம் சொல்லியிருந்தார்கள், அவ்வளவுதான். சம்பளத்தையும் என் இஷ்டத்துக்குக் கூட்டிச் சொன்னேன்.

இந்த ஜொகூரில் நாங்கள் எல்லோரும் இப்படித்தான். கோயில் வாசல், கல்யாண மண்டபம், முடிவெட்டும் கடை, எங்கே போனாலும் மகன் எங்கே வேலை என்பார்கள். சிங்கப்பூர் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் ஒருவரும் கேட்பதில்லை. எல்லைக்குப் பக்கத்தில் அவன் எடுத்த அறைக்கு வாடகை, மோட்டார் பைக் தவணை, காலை நான்கு மணிக்குச் சிங்கப்பூர்ப் பாலத்தில் நிற்பது, ஒன்றும் கேட்க மாட்டார்கள். உதவி கேட்கப் போன இடத்திலும் நெஞ்சை நிமிர்த்திய முட்டாள் நான் ஒருவன்தான் இருப்பேன்.

மேல்முறையீடு: 14க்குள். மகனும் நேரில் வர வேண்டும், சம்பளச் சீட்டோடு.

நவம்பர் 5, புதன்

ரீ.யை சென்டரில் விட்டு வந்தேன். மழை இல்லை. டேனியிடம் இன்னும் சொல்லவில்லை. நான்கு முறை போனை எடுத்து வைத்தேன். "அம்மா எப்படி?" என்று அவனே அனுப்பியிருந்தான். கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினேன். அப்பன் லட்சணம்.

போர் நிறுத்தப் பேச்சுவார்த்தை மறுபடியும் முறிந்ததாம். அடுத்து எப்போது கூடுவார்கள் என்று தெரியாதாம். அவர்களுக்குத் தேதி கிடையாது. எனக்கு உண்டு: 14.

இரவுச் சாப்பாட்டின்போது ரீ. கேட்டாள், "டிசம்பர்லேர்ந்து எவ்வளவு கட்டணும்?" அரிசி டப்பாவுக்குப் பின்னால் பார்த்துவிட்டாள் போல.

"பார்த்துக்கலாம்."

"என்னத்தைப் பார்க்கிறது?" என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நவம்பர் 7, வெள்ளி



எனக்குக் காலை ஷிப்ட். பக்கத்து வீட்டு மேகி காரில் போய்க்கொள்கிறேன் என்றாள் ரீ. நம்பினேன். ஒன்பதே முக்காலுக்கு மிஸ்ஸி போன். "அங்கிள், ஆன்ட்டி இன்னும் வரலயே?" சாவியைக் கணேசனிடம் கொடுத்துவிட்டு ஓடினேன். வழியெல்லாம் என்னென்னவோ நினைப்பு.

வீட்டில், அடுப்படியில், நெத்திலி ஆய்ந்துகொண்டிருக்கிறாள்.

"ஏன் போகல?"

"வாரத்துக்கு ரெண்டு தடவை போதும். நான் யோசிச்சிட்டேன்."

"நீ யோசிச்சியா? நீ என்ன டாக்டரா?"

"டாக்டரா வந்து காசு கட்டுவாரு?"

கத்திவிட்டேன். மேகி வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கிற அளவுக்குக் கத்தினேன். ரீ. அழவில்லை. காலை நீட்டச் சொல்லி விரலால் அழுத்தினேன். குழி விழுந்து அப்படியே நின்றது. எனக்குக் கோபம் போய் பயம் வந்துவிட்டது.

மிஸ்ஸியிடம் கெஞ்சினேன். இன்று எல்லா நாற்காலியும் நிறைந்துவிட்டது. நாளை காலை முதல் ஆளாக வரச் சொன்னாள்.

நவம்பர் 8, சனி

விடியும்போது மூச்சு வாங்கியது. படுக்க முடியவில்லை, உட்கார்ந்தே இருந்தாள். அவ்வளவு தூரம் நான் கார் ஓட்டியது எப்படி என்று நினைவில்லை. முதலில் அவளைத்தான் மெஷினில் ஏற்றினார்கள். மிஸ்ஸி திட்டியது என்னை. "அங்கிள், இது நம்ம இஷ்டத்துக்குக் குறைக்கிற விஷயம் இல்ல. தெரியும்தானே?" தெரியும் என்றேன். காருக்குள் வந்து கண்ணாடியை ஏற்றிவிட்டு அழுதேன்.

நான்கு மணி நேரம் கழித்து நடந்தே வந்தாள். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

"இனிமே விட மாட்டேன். ஆனா நீங்க டேனிகிட்ட பேசுங்க."

கடிதத்தின் உள்ளே இருப்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

நவம்பர் 9, ஞாயிறு

சர்ச் பூசையில் மன்றாட்டு வாசிப்பது இந்த வாரம் என் முறை. மூன்றாவது மன்றாட்டு, போரிடும் நாடுகளின் தலைவர்களுக்காக. எத்தனை ஞாயிறாக இதே தலைவர்களுக்காக வேண்டுகிறோம், அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. 87 என்று சீட்டு பிடித்து உட்கார்ந்திருப்பவர்களுக்காக யாராவது ஒரு வரி எழுதியிருக்கலாம். நானே சேர்த்து வாசித்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. தைரியம் இல்லை. இருந்ததை வாசித்துவிட்டு இறங்கினேன்.

வாசலில் ஒருவர்: "மகன் சிங்கப்பூர்லதானே?" ஆமாம் என்றேன். இத்தனை பட்ட பிறகும் வார்த்தை தானாக வருகிறது.

மதியம், டேனிக்குப் போன்.

"டேனி, ஒரு விஷயம்."

"அம்மாவுக்கு என்னப்பா?"

வெள்ளிக்கிழமை நடந்தது, கடிதம், அலுவலகம், எல்லாம் சொன்னேன்.

"சூப்பர்வைசர்னு யாரு சொன்னது?"

"நான்தான்."

"அப்பா, மூணு மாசமா வாரத்துக்கு நாலு நாள்தான் வேலை. எங்களுக்கும் கார்கோ இல்ல. பாதிப் பேரை நிறுத்திட்டாங்க."

"ஏன்டா சொல்லல?"

"நீங்க எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிக்கிட்டு இருந்தீங்க. எப்படி சொல்றது?"

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மூன்று மாதமும் எங்களுக்கு நானூறு ரிங்கிட் தவறாமல் பேங்கில் போட்டிருக்கிறான். எதைக் குறைத்துப் போட்டான் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

பாக்கெட் எண்ணெய் மூன்று கடையிலும் இல்லை. "நாளைக்கு வாங்க அங்கிள்." நேற்றும் அதே நாளைதான். கணேசன் தன் வீட்டிலிருந்து ஒன்று கொண்டுவந்து கொடுத்தான். கொடுத்துவிட்டு அரசாங்கத்தை அரை மணி நேரம் திட்டினான். எனக்கும் சேர்த்துத் திட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

வியாழன் அலுவலகத்துக்கு: ஐசி (அடையாள அட்டை) நகல் மூவருக்கும். டாக்டர் கடிதம். என் சம்பளச் சீட்டு. டேனியுடையது அவன் கொண்டுவருவான். நீலப் பேனா வேண்டாம், கறுப்பு.

நேற்று ரீ. எடை பரவாயில்லை.

நவம்பர் 13, வியாழன்

டேனி மோட்டாரில் நனைந்து வந்து சேர்ந்தான். மழைக்கோட்டைக் கழற்றியபோதுதான் பார்த்தேன், இளைத்திருக்கிறான். "சாப்பிடுறியா இல்லையா?" என்றாள் ரீ. "அங்க சாப்பாடு சரியில்லமா" என்றான்.

அலுவலகத்தில் எண் 52. அதே பெண். டேனியின் சீட்டுகளைப் பார்த்துக் கணக்குப் போட்டாள். நாலு நாள் சம்பளம்தான், ஆனாலும் ரிங்கிட்டாக மாற்றினால் வரம்புக்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது. மாற்று விலை ஆகஸ்டில் கணினியில் ஏற்றியது. ரிங்கிட் வலுவாகி டாலர் இறங்கிவிட்டதே, டிவியிலேயே சொன்னார்களே என்றேன். அதை இங்கே மாற்ற முடியாது, அங்கிள் என்றாள். வலுவான ரிங்கிட்டால் டேனிக்கு நஷ்டம், கணினிக்கு மட்டும் இன்னும் தெரியாது.

பிறகு குரலைத் தாழ்த்தினாள். மகன் உங்களோடு தங்கவில்லை, உங்களைப் பராமரிக்கவும் இல்லை என்றால் சத்தியக் கடிதம் கொடுக்கலாம். அப்போது உங்கள் இருவர் வருமானம் மட்டும்தான் கணக்கு. "ஆனால் விசாரிக்க ஆள் வரலாம், அங்கிள். அக்கம்பக்கத்தில் கேட்பார்கள்." பிறகு டேனியைப் பார்த்துக் கேட்டாள், பெற்றோருக்கு ஏதும் கொடுக்கிறீர்களா?

நான் வாயைத் திறந்தேன். மேசைக்குக் கீழே என் முழங்காலை அழுத்தினான்.

"இல்லை" என்றான் மலாயில். "ஒன்றும் கொடுப்பதில்லை."

அவள் எங்கள் இருவரையும் ஒருமுறை பார்த்தாள். தட்டச்சு செய்தாள். கெட்டவள் இல்லை. திரையில் இருக்கும் அந்தக் கட்டத்தில் ஏதாவது ஒன்றை நிரப்பித்தான் ஆக வேண்டும் அவளுக்கு.

சத்தியக் கடிதத்துக்கு முத்திரை போடுபவர் ஒரு காப்பிக் கடைக்கு மேலே. கடிதத்தில்: மேற்கண்ட மகன் என்னையும் என் மனைவியையும் பராமரிப்பதில்லை, போக்குவரத்தும் இல்லை. படித்தீர்களா, புரிந்ததா, உண்மைதானா என்றார். உண்மை என்றேன். ஞாயிற்றுக்கிழமை மன்றாட்டு வாசித்த அதே வாய். கையெழுத்துப் போடும்போது டேனி ஜன்னல் வழியாகக் கீழே மோட்டாரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கீழே அவன்தான் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தான். "இனிமே பேங்க்ல போட மாட்டேன்பா. பார்த்தா தெரிஞ்சிடும். கையில கொண்டாந்து தரேன்." எல்லாம் யோசித்து வைத்திருக்கிறான்.

கடிதத்தை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தோம், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ரீ.க்குச் சொல்லவில்லை. வேலை முடிந்தது என்று மட்டும் சொன்னோம்.

நவம்பர் 14, வெள்ளி

நல்ல வெயில். டேனி இரவு இங்கேயே தங்கினான். காலையில் அம்மாவை அவனே கூட்டிக்கொண்டு போனான். ஓய்வு நேரத்தில் நானும் எட்டிப் பார்க்கப் போனேன்.

உள்ளே ஓர் ஆள்தான் இருக்கலாம், அதனால் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். கண்ணாடி வழியே தெரிகிறது. ரீ.க்கு ஒரு கையில் ஊசி, அசைக்கக் கூடாது. டேனி பிஸ்கட்டை உடைத்து உடைத்து அவள் வாயில் வைக்கிறான். ஏதோ சொல்கிறான், அவள் சிரிக்கிறாள். இத்தனை நாளில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். தமிழர், என் வயதிருக்கும். முன்பு பார்த்ததில்லை. மடியில் பழுப்பு ஃபைல்.

"யாருக்குங்க?"

"வீட்டுக்காரிக்கு."

கண்ணாடி வழியே அவரும் பார்த்தார். "பக்கத்துல இருக்கிறது மகனா? நல்லா பார்த்துக்கிறாரே."

ஃபைலைப் பார்த்தேன். விசாரிக்க ஆள் வரலாம் என்றாளே.

"இல்லீங்க" என்றேன். "தெரிஞ்ச பையன்."

"இந்தக் காலத்துல இப்படி ஒரு பையனா" என்று தலையை ஆட்டிக்கொண்டு அவர் ஃபைலைத் திறந்தார். உள்ளே அவர் மனைவியின் ரத்தப் பரிசோதனைத் தாள்கள். இங்கே ஒரு நாற்காலி கிடைக்குமா என்று கேட்க வந்திருக்கிறார்.