போர்த் தண்ணீரில் ஒரு டீ

மதினி,

இன்று காலை என் மகன் தண்ணீர்க் கேன் ஒன்றைத் தூக்கிவந்து அடுப்பங்கரையில் வைத்தான். "வீடு பாக்க வாரவங்களுக்கு இதுல டீ போடும்மா," என்றான். தினமும் கேன் தண்ணீரில்தான் டீ போடுகிறோம். ஆனாலும் அவன் இதைத் தனியாகச் சொன்னது உறுத்தியது. உடனே உங்கள் முகம்தான் ஞாபகம் வந்தது.

இந்த வீட்டை வாங்கும்போது என்ன பாடு! பைபாஸ் பக்கம் இருக்கும் இந்தப் புது வீட்டின் மேல் என் வீட்டுக்காரருக்கு ஆசை. பளபளவென்று தரை, கார் நிறுத்த இடம். எனக்கு ஊருக்குள் பார்த்த பழைய வீடு பிடித்திருந்தது, ஆனால் அதன் ஒழுகும் கூரை பயமுறுத்தியது. எங்கள் ரெண்டு பேருக்கும் பஞ்சாயத்துப் பண்ண என் அண்ணனோடு நீங்கள் இந்த வீட்டைப் பார்க்க வந்தீர்கள். ஆண்கள் பத்திரத்தைப் புரட்ட, நீங்கள் நேரே அடுப்பங்கரைக்குள் நுழைந்தீர்கள். "சுவரப் பெறகு பாப்போம். ஒங்க வீட்டுத் தண்ணியில ஒரு டீ போடுங்க," என்று விற்கிறவளிடம் கேட்டீர்கள். திண்டுக்கல்லில் தண்ணீரைப் பார்க்காமல் வீடு வாங்க முடியுமா? ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, வாங்குடி," என்றீர்கள். வாங்கினோம்.

குடிவந்த மறுநாளே, போர் போட்டு எடுத்த உப்புத் தண்ணீரில் டீக்கு வைத்த பால் திரிந்தது. விற்றவள் வெளித்தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்து டீ போட்டிருக்கிறாள்! "கூறுகெட்டவ நான்! பக்கத்துலயே நின்னேன், குழாயத் தெறக்கச் சொல்லலையே," என்று தலையில் அடித்துக்கொண்டீர்கள். அதற்கப்புறம் கண்ணை மூடும்வரை இந்த வீட்டில் நீங்கள் டீயே குடிக்கவில்லை. உங்கள் வீம்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

இப்போது விற்கிறவள் நான். மகன் கோயம்புத்தூரில் ஒரு அபார்ட்மென்ட் பேசிவைத்திருக்கிறான். இந்த மாதம் இந்த வீடு கைமாறாவிட்டால் அது வேறு ஆளுக்குப் போய்விடும். அவனுக்குச் சரியான தூக்கமே இல்லை.

வந்தவர்கள் ஒட்டன்சத்திரத்துக்காரர்கள். கணவன், மனைவி, அவள் இடுப்பில் கைக்குழந்தை. ஊருக்குள் ஒரு பழைய வீட்டையும் பார்த்திருக்கிறார்களாம். "பழைய வீடுன்னா எந்நேரமும் மராமத்துதாங்க. இங்க நீங்க ஒரு ஆணிகூட அடிக்க வேண்டாம்," என்று மகன் மூச்சுவிடாமல் பேசினான். கணவன் அந்தப் பேச்சில் மயங்கிவிட்டான். அவளோ டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு நிறுத்தினாள்.

"ஏனுங்க, இது உங்க போர் தண்ணிங்களா?"

"ஆமாங்க," என்றான் மகன், என்னைப் பார்க்காமல்.

என்ன செய்வேன், மதினி? பெற்ற பிள்ளையை நாலு பேர் முன்னால் பொய்யனாக்குவதா? வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அந்தக் குழந்தை அம்மாவின் டம்ளரைப் பிடிக்கக் கை நீட்டியது. நான் எழுந்துபோய் டம்ளரை அவள் கையிலிருந்து வாங்கினேன்.

"செத்த நேரம் இரு தாயி, வேற டீ கொண்டாரேன்."

"அம்மா!" என்றான் மகன். நான் திரும்பவில்லை. குழாயைத் திறந்தேன். அந்தத் தண்ணீரில் பாலும் டீத்தூளும் போட்டுக் கொதிக்கவைத்தேன். திப்பி திப்பியாகத் திரிந்ததை அப்படியே ஊற்றி அவள் முன்னால் வைத்தேன்.

"இதுதான் தாயி எங்க போர் தண்ணி."

மகன் பைக் சாவியை எடுத்தான். "நல்லா இரும்மா," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

வாசலில் அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கு அந்தப் பழைய வீட்டை மறுபடி பாக்கப் போறோமுங்க. நீங்களும் கூட வாரீங்களா? நீங்க சொன்னா வாங்கிக்கிறோமுங்க."

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். மகன் இன்னும் வீடு திரும்பவில்லை. வந்தாலும் என்னோடு பேசமாட்டான். அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். ஆனால் நாளைக்கு அவர்கள் மூன்று பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்களே! இன்னொருத்தி குடும்பத்துக்கு வீட்டைப் பற்றி வார்த்தை கொடுப்பது எவ்வளவு பெரிய பாரம் என்று இப்போதுதான் உறைக்கிறது. அதைச் சுமந்துகொண்டுதான் இத்தனை வருடம் இந்த வீட்டுக்கு வந்து போனீர்களா?

பயமாக இருக்கிறது மதினி. ஆனாலும் போகிறேன்.