அம்மா அண்ணாந்து பார்த்த பக்கம்

இரும்புலியூர்,
ஞாயிற்றுக்கிழமை

சௌபாக்கியவதி மிருதுளாவுக்கு அப்பாவின் ஆசீர்வாதம். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும். இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு வரவில்லை. போனில் சொன்னால் அம்மா காதில் விழும், அதனால்தான் கடிதம்.

அம்மாவுக்குக் கண் அழுத்த நோயால் இடது கண் முழுக்கப் போய்விட்டது, வலது கண்ணிலும் ஓரமெல்லாம் இருட்டு, போன பார்வை திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். திரும்பி வரும்போது ஆட்டோவிலேயே அம்மா, "பீச்சில ஏர் ஷோ வரதாமே, ஒரே ஒரு தடவை கூட்டிண்டு போங்கோ" என்றாள். தாம்பரத்தில் ஒத்திகைக்கு அந்த ஒன்பது விமானங்களும் வந்தால் போட்டது போட்டபடி மொட்டை மாடிக்கு ஓடுகிறவள் ஆயிற்றே. அதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டால், "ஒன்பது பேரும் இறக்கை உரசற மாதிரி போறா, தலைகீழாத் திரும்பினாலும் ஒருத்தரை விட்டு ஒருத்தர் பிரியறதில்லை பாருங்கோ" என்பாள்.

வெயில், கூட்டம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. மின்சார ரயிலில் போய் மணலில் குடை பிடித்து உட்கார்ந்தோம். சத்தம் கேட்டதும் அத்தனை ஜனமும் எழுந்து கத்தியது, சிவப்பும் வெள்ளையுமாக ஒன்பதும் கடல் மேலிருந்து வந்து செங்குத்தாக ஏறிப் புகையோடு பூ மாதிரி விரிந்தன, எனக்கே உடம்பு சிலிர்த்தது. அம்மா என் கையைப் பிடித்து எங்கே எங்கே என்றாள். முகவாயைப் பிடித்துத் திருப்பினேன், அதற்குள் அவை வேறு பக்கம் போய்விட்டன. மறுபடி திருப்பினேன். கொஞ்ச நேரத்தில் "ஆங், தெரியறது, என்ன அழகு!" என்று கை தட்டினாள். அவள் பார்த்த பக்கம் நானும் பார்த்தேன். அங்கே ஒன்றுமே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் எதிர்வீட்டு ஸஹானாவிடம், புகையால் ஹார்ட் வரைந்தார்கள், நடுவில் அம்பு விட்டார்கள் என்று கதை கதையாகச் சொன்னாள். இந்தத் தடவை அதை அவர்கள் செய்யவே இல்லை. ஸஹானா போனதும், "அவ்வளவு கஷ்டப்பட்டுக் கூட்டிண்டு போனேளே, ஒண்ணுமே தெரியலைன்னு எப்படிச் சொல்றது" என்று அழுதாள்.

ஜூனில் வருகிறேன் என்றாய். அதுவரை இவளுக்கு உன் முகம் தெரியுமா என்று டாக்டரிடம் கேட்டேன், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். லீவ் கிடைத்தால் முன்னாலேயே வந்துவிடம்மா. பெருமாள் உங்கள் இருவரையும் காப்பாற்றட்டும். வரும்போது நல்ல பளிச்சென்ற நிறத்தில் உடுத்திக்கொண்டு வா, அம்மாவுக்கு நேர் எதிரே, கிட்டத்தில், கொஞ்ச நேரம் அசையாமல் நில். மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
ஸ்ரீரங்கன்